மின்சாரப் பிரஷர் குக்கர்: பயறுக்கும் இறைச்சிக்கும் ஏற்றதா, மின்வெட்டைத் தாங்குமா?

சாட்ஸ்வொர்த் மருமகள்

அனைவருக்கும் வணக்கம். புரட்டாசி பிறப்பதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருப்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுவதும் கறியும் மீனும் சமைப்பதில்லை. சுகர் பீன்ஸ் என்னும் உலர்ந்த பீன்ஸ், கொண்டைக்கடலை, காராமணி, பட்டாணி, பருப்பு என்று நாள்தோறும் ஏதாவது ஒன்று நெடுநேரம் வேக வேண்டும். இதுவரை அடுப்பில் வைக்கும் பழைய பிரஷர் குக்கரையே பயன்படுத்தி வந்தோம். இப்போது மாமியாருக்குக் கைமூட்டு வலி இருப்பதால், மூடியை இறுக்கவும் கொதிக்கக் கொதிக்கக் குக்கரை அடுப்பிலிருந்து தூக்கவும் அவரால் முடியவில்லை. நானோ மாலை ஆறு மணிக்குத்தான் வேலையிலிருந்து திரும்புகிறேன்.

மின்சாரக் குக்கர் வாங்கிவிடலாம் என்று கணவர் சொல்கிறார். விளம்பரங்களைப் படித்தால் அதில் எல்லாமே நடக்கும் என்று தோன்றுகிறது, ஆகவே விளம்பரத்தை விட்டுவிட்டுச் சமைத்தவர்களிடமே கேட்கிறேன். பயறு உள்ளே வரை மெத்தென்று வேகிறதா? பிரீபெய்ட் மீட்டரில் எவ்வளவு ஓடும்? நடுவில் மின்சாரம் போனால் உள்ளே இருக்கும் உணவு என்ன ஆகும்? புரட்டாசி முடிந்த பிறகு ஆட்டிறைச்சிக் கறி வைத்தால் நம் வீட்டுச் சுவை வருமா? நன்மை, தீமை இரண்டையும் தயங்காமல் எழுதுங்கள்.

லெனேசியா அக்கா

வணக்கம் தங்கை. பயறைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனென்றால் டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வந்து குடியேறிய எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய விஷயம். கடலோரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் இங்கே அது 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. அதனால்தான் டர்பனில் அம்மா வைத்தால் இரண்டு மணி நேரத்தில் கரையும் பீன்ஸ் இங்கே மூன்று மணி நேரம் ஆகியும் நடுவில் மாவாக நிற்கிறது. பிரஷர் குக்கர் இல்லாமல் இந்த ஊரில் பயறு சமைப்பது எரிபொருளை வீணாக்குவதே என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அடுப்புக் குக்கரின் வெயிட் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் தூக்கும். கடலோரத்தில் அது 121 டிகிரி. மின்சாரக் குக்கர்களில் பெரும்பாலானவை 10 முதல் 12 பவுண்டு வரைதான் போகும். அது 115 முதல் 118 டிகிரி. இதற்கும் மேலாக, குக்கர் தன் அழுத்தத்தை வெளிக்காற்றின் அழுத்தத்தோடு கூட்டித்தான் தருகிறது. எங்கள் ஊரில் வெளிக்காற்று மெலிந்தது. ஆகவே அதே குக்கர் இங்கே மூன்று, நான்கு டிகிரி குறைவாகவே சூடாகும். கையேட்டில் போட்டிருக்கும் நேரத்தோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி வைத்தால் எங்களுக்குச் சரியாக வருகிறது. சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. அடுப்புக் குக்கரில் பழகிய நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக வையுங்கள், போதும்.

இரவு ஊறவைத்த கொண்டைக்கடலை 12 முதல் 15 நிமிட அழுத்தத்திலும், ஊறிய சுகர் பீன்ஸ் ஏறத்தாழ அதே அளவிலும் வெந்துவிடும். ஊறவைக்காத பீன்ஸ் என்றால் முக்கால் மணி நேரம் கூட ஆகலாம். ஆண்டுக்கணக்கில் கடை அலமாரியில் கிடந்த பயறு எந்தக் குக்கரிலும் சரியாக வேகாது. தக்காளியையும் புளியையும் பயறு வெந்த பிறகே சேருங்கள். புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் தோல் இறுகிவிடும், அதன் பின் அழுத்தமும் அவ்வளவாக உதவாது.

பீனிக்ஸ் மின்பணியாளர்

செலவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள் சகோதரி. கணக்காகவே சொல்கிறேன்.

அரை கிலோ பயறுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் என்று வையுங்கள். 20 டிகிரியிலிருந்து 115 டிகிரிக்கு அந்தத் தண்ணீரை ஏற்றுவதற்கு 0.22 யூனிட் மின்சாரம் தேவை. பயறும் பாத்திரமும் சூடாக வேண்டும், கொஞ்சம் வெப்பம் வெளியே போகும். எல்லாவற்றையும் சேர்த்தாலும் அரை யூனிட்டுக்குள் அடங்கிவிடும். அழுத்தம் ஏறிய பிறகு சூடேற்றும் தட்டு அணைந்து அணைந்துதான் எரிகிறது. உள்பாத்திரத்தைச் சுற்றியிருக்கும் வெளிக்கூடு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதே பயறை 1,500 வாட் மின்னடுப்பில் திறந்த பாத்திரத்தில் வைத்து, தட்டு பாதி நேரம் எரிகிறது என்று கொண்டால், இரண்டு மணி நேரத்துக்கு 1.5 யூனிட் போகும். வித்தியாசம் எங்கே என்றால் ஆவியில். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கிக் காற்றில் விடுவதற்கு மட்டும் 0.63 யூனிட் செலவாகிறது. மூடிய குக்கரில் அந்தச் செலவு ஏறக்குறைய இல்லை. நெடுநேரம் வேகும் பொருள்களுக்குத்தான் இந்த லாபம். ஒரு முட்டையை அவிக்கவோ கீரையை வதக்கவோ இதை வைத்தால் எந்த லாபமும் இல்லை.

ஆறு லிட்டர் குக்கர் பெரும்பாலும் 1,000 வாட். நம் 230 வோல்ட்டில் நான்கரை ஆம்பியருக்கும் குறைவு. வீட்டு வயரிங் அதைத் தாராளமாகத் தாங்கும். ஆனால் ஒரே மல்டிபிளக்கில் கெட்டிலையும் இதையும் சேர்த்துப் போடாதீர்கள். கெட்டில் தனியாகவே 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். அமெரிக்காவிலிருந்து உறவினர் அன்பளிப்பாகக் கொண்டுவரும் 120 வோல்ட் குக்கரை இங்கே செருகினால் அன்றே எரிந்துபோகும்.

மின்வெட்டைப் பற்றி. 2023 நாம் எல்லோரும் நொந்த ஆண்டு. 2024 மார்ச் 26 முதல் 300 நாட்களுக்கு மேல் லோட் ஷெட்டிங், அதாவது அட்டவணை போட்டுச் செய்யும் மின்வெட்டு, இல்லாமல் இருந்தது, பிறகு 2025 ஜனவரி இறுதியில் மறுபடி எட்டிப் பார்த்தது. கேபிள் திருட்டும் பகுதி மின்தடையும் எந்த அட்டவணையிலும் வருவதில்லை. சமைக்கும்போது மின்சாரம் போனால் மூடி பூட்டியபடியே இருக்கும். அழுத்தம் மெதுவாகத்தான் இறங்கும். முழு அழுத்தம் வந்த பிறகு போயிருந்தால் உணவு அந்தச் சூட்டிலேயே இன்னும் கொஞ்ச நேரம் வெந்துகொண்டிருக்கும். மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும் குக்கர்களும் உண்டு, எல்லாவற்றையும் மறந்து நின்றுவிடும் குக்கர்களும் உண்டு. வாங்குவதற்கு முன் கையேட்டில் அந்தப் பக்கத்தைக் கேட்டுப் படியுங்கள். மின்சாரம் திரும்பும் கணத்தில் வோல்ட்டேஜ் தாவும், அதில் முதலில் சாவது உள்ளிருக்கும் மின்னணுப் பலகைதான். ஆகவே போனவுடன் பிளக்கைப் பிடுங்குங்கள், அல்லது சர்ஜ் பாதுகாப்புள்ள பிளக்கில் போடுங்கள். வைஃபைக்கும் விளக்குக்கும் வாங்கிய சிறிய இன்வெர்ட்டரில் இதை ஓட்ட முடியாது.

மின்சாரம் போகும் நேரம் முன்கூட்டியே தெரிந்தால், கொதிக்கவைத்த பாத்திரத்தை வொண்டர்பேக் போன்ற, சூடு ஆறாமல் காக்கும் வெப்பப் பையில் வைத்துவிடுவதும் நல்ல வழி. 2008 இல், லோட் ஷெட்டிங் காலத்திலேயே, நம் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் சாரா காலின்ஸ் உருவாக்கியது அது.

மாரிட்ஸ்பர்க் செவிலி

மேலே அண்ணா வெப்பப் பையைப் பற்றி எழுதியதைப் படித்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. பயறைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை அவசியம்.

சிவப்புக் கிட்னி பீன்ஸில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. சுகர் பீன்ஸும் அதே இனத்துப் பயறுதான், அதில் அளவு குறைவு. அரைவேக்காடாக உண்டால் சில மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அந்த நச்சை அழிக்க நல்ல கொதிநிலை வேண்டும்: ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும்; அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 30 நிமிடம் என்கிறது. 80 டிகிரிக்குக் கீழே மணிக்கணக்கில் கிடந்தால் நச்சு அழிவதில்லை, சில நேரம் அதன் வீரியம் கூடவும் செய்கிறது. இப்போது விற்கும் மின்சாரக் குக்கர்கள் பலவற்றில் ஒரே பெட்டியில் பிரஷர் பொத்தானும், குறைந்த சூட்டில் நெடுநேரம் வேகவைக்கும் ஸ்லோ குக் பொத்தானும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வேகாத பயறைப் போட்டு ஸ்லோ குக்கை அழுத்திவிட்டு வேலைக்குப் போவதுதான் ஆபத்து. பிரஷரில் வைத்தால் 110 டிகிரிக்கு மேல் போவதால் அந்தப் பயம் இல்லை. சொல்லப்போனால் இந்த விஷயத்தில் பிரஷர் குக்கரே மிகப் பாதுகாப்பான பாத்திரம். வெப்பப் பையில் வைப்பவர்கள் முதலில் அடுப்பில் நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டே உள்ளே வைக்க வேண்டும்.

இன்னொன்று, நேரம் குறித்து வைக்கும் வசதி. காலையில் எல்லாவற்றையும் போட்டு, மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும்படி வைக்கலாம் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். ஊறவைத்த பயறுக்கு அது பொருந்தும். ஆனாலும் டர்பனின் ஜனவரி வெயிலில் பத்து மணி நேரம் ஊறினால் பயறு நுரைத்துப் புளித்துவிடும், கோடையில் வேண்டாம். இறைச்சியை அப்படி வைக்கவே கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் இறைச்சி இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் கிருமிகள் பெருகும். அழுத்தம் ஏறுவதற்கு முன்பே மின்சாரம் போய், நீங்கள் வீடு திரும்பும்போது வெதுவெதுப்பாக இருக்கும் கறியை, பணம் போனாலும் பரவாயில்லை என்று கொட்டிவிடுங்கள்.

மாமியாருக்குக் கைவலி என்றீர்கள். அவருக்காகச் சொல்கிறேன்: ஆவி விடும் குழாயைக் கையால் திருப்பாமல், தள்ளியிருக்கும் ஒரு பொத்தானை அழுத்தித் திறக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். மணிக்கட்டில் ஆவி பட்டுக் கொப்புளத்தோடு வருபவர்களை நான் பார்க்கிறேன். அடுப்புக் குக்கரில் விசிலை எண்ணிக்கொண்டு பக்கத்திலேயே நிற்க வேண்டும். இதில் நேரம் முடிந்தால் தானே அணையும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இது சிறிய நன்மை அல்ல.

இசிப்பிங்கோ கோயில் சமையல்

எல்லோரும் பயறைப் பற்றியே எழுதிவிட்டீர்கள். அதில் எனக்கு மறுப்பு இல்லை. கறி என்று வரும்போது நான் உடன்பட மாட்டேன். பல ஆண்டுகளாகப் பிரார்த்தனைக்கும் கல்யாணத்துக்கும் சமைத்து வருகிறேன், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

நம் கறியின் உயிர் முதல் அரைமணி நேரத்தில் இருக்கிறது. அடிகனமான அகலப் பாத்திரத்தில் எண்ணெய் காய்ந்து, பட்டையும் சோம்பும் பொரிந்து, வெங்காயம் பொன்னிறமாகி, மசாலாத் தூள் எண்ணெயில் கரிந்துவிடாமல் நிறம் மாறி, அதன் பிறகு இறைச்சி தன் நீரை விட்டு, அந்த நீர் மறுபடி வற்றி, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும் வரை பிரட்ட வேண்டும். மின்சாரக் குக்கரில் வதக்குவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தப் பாத்திரம் குறுகலும் ஆழமுமானது. ஒரு கிலோ இறைச்சியைப் போட்டால் வதங்குவதற்கு இடமில்லாமல் தன் நீரிலேயே அவிகிறது. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பிடியும் நம் கையில் இல்லை. பிறகு மூடியைப் போட்டால் நீர் வற்றுவதே இல்லை. பாத்திரத்தில் கொட்டிய அத்தனை நீரும் முடிவில் அப்படியே இருக்கும், குழம்பு தண்ணீராக ஓடும். குடைந்த ரொட்டிக்குள் கறி நிரப்பும் பனி சௌவுக்கு (bunny chow) ஊற்றினால் ரொட்டி ஊறிக் கையில் உடைந்துவிடும்.

பிரியாணியை அதில் வைப்பவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வருந்தினேன். அரிசி, மசூர்ப் பயறு, உருளைக்கிழங்கு, இறைச்சி ஆகிய ஒவ்வொன்றுக்கும் வேகும் நேரம் வேறு. தனித்தனியாக முக்கால் பதம் செய்து, அடுக்கி, தம்மில் விடுவதே அதன் முறை. எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில் அடைத்தால் உருளைக்கிழங்கு கரையும், மசூர் கூழாகும், அரிசி ஒட்டிக்கொள்ளும். அதை வேறு பெயரில் அழைத்து உண்ணட்டும்.

அளவையும் நினையுங்கள். ஆறு லிட்டர் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரைத்துப் பொங்கும் பருப்புக்கும் பயறுக்கும் பாதிதான். ஆக உங்களுக்குக் கிடைப்பது மூன்று லிட்டர். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தம்பி குடும்பங்கள் எல்லாம் கூடும் வீட்டில் அது எந்த மூலைக்குப் போதும்?

லெனேசியா அக்கா

ஐயா எழுதியதில் பிரியாணியைப் பற்றிய ஒவ்வொரு சொல்லும் சரி. கறியைப் பற்றி மட்டும் ஒரு வழி சொல்கிறேன். மசாலாவையும் இறைச்சியையும் அடுப்பில் பழைய பாத்திரத்திலேயே முழுமையாக வதக்குங்கள். எண்ணெய் பிரிந்த பிறகு ஒரு கோப்பை வெந்நீர் விட்டு, அடியில் ஒட்டியதைச் சுரண்டிக் கரைத்து, எல்லாவற்றையும் மின்சாரக் குக்கருக்கு மாற்றி, முற்றிய ஆட்டிறைச்சிக்கு 20 முதல் 25 நிமிட அழுத்தம் கொடுங்கள். திறந்த பிறகு உருளைக்கிழங்கைச் சேர்த்து, மூடாமல் கொதிக்கவைத்துக் குழம்பை வற்றவிட்டு, கடைசியில் கொத்தமல்லி தூவுங்கள். ஒரு பாத்திரம் கூடுதலாகக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். ஆட்டுக்கால், குடல், காளைவால் போன்றவற்றை இந்த முறையில் செய்தால், நெடுநேரம் அடுப்பில் வைத்ததற்குச் சற்றும் குறையாத சுவை வருகிறது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

அடியில் ஒட்டியதைச் சுரண்டுவது சுவைக்காக மட்டும் இல்லை. கெட்டியான மசாலா அடியில் படிந்தால் குக்கர் அதைக் கரிவதாக உணர்ந்து, எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். புதிதாக வாங்கியவர்கள் கடையில் திருப்பிக் கொடுக்க ஓடுவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

வெருலம் மாணவர்

விடுதியில் தங்கிப் படிப்பதால் எனக்கு இதைத் தவிர வேறு அடுப்பு இல்லை. யாரும் சொல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன். மூடியின் உள்ளே இருக்கும் சிலிகோன் வளையம் மசாலா வாசனையை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, கழுவினாலும் போவதில்லை. கறிக்கு ஒன்று, பாயசத்துக்கும் பாலுக்கும் ஒன்று என்று இரண்டு வளையம் வைத்துக்கொள்வது நல்லது. பெட்டியில் "10 நிமிடம்" என்று போட்டிருப்பதை நம்பி விருந்தாளியை அழைக்காதீர்கள்: அழுத்தம் ஏற ஒரு கால் மணி, தானாக இறங்க இன்னொரு கால் மணி என்று மொத்தம் ஏறத்தாழ நாற்பது நிமிடம் ஆகும். தொங்கும் அலமாரிக்கு நேர் கீழே வைத்து ஆவியை விட்டால் பலகை ஊதிப்போகும், ஜன்னலோரம் வையுங்கள்.

டோங்காட் தாத்தா

பிள்ளைகள் எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். பொருள் எத்தனை காலம் உழைக்கும் என்பதை யாரும் தொடவில்லை. அழுத்தச் சமையலைப் பிரெஞ்சு இயற்பியலாளர் டெனி பாப்பன் 1679 இல் செய்து காட்டினார். அடுப்புக் குக்கரின் அடிப்படை அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. ஒரு பாத்திரம், ஒரு வெயிட், ஒரு ரப்பர் கேஸ்கெட், ஒரு பாதுகாப்பு வால்வு. கெடக்கூடியது கேஸ்கெட்டும் வால்வும் மட்டும். இரண்டும் டர்பன் கிரே தெருவில் கிடைக்கும், யாரும் மாற்றலாம். எங்கள் வீட்டில் இருப்பது என் மனைவி கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்தது, இன்றும் பருப்பு அதில்தான் வேகிறது.

மின்சாரக் குக்கரில் மின்னணுப் பலகை போனால் பழுதுபார்க்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் புதிது வாங்கும் விலைக்குப் பக்கத்தில் கேட்கிறார்கள், கடைசியில் முழுப் பெட்டியும் குப்பைக்குப் போகிறது. ஆகவே வாங்குபவர்கள் உள்பாத்திரம், வளையம், அழுத்தம் ஏறியதும் மூடியைப் பூட்டும் மிதவை ஊசி ஆகியவை இந்த நாட்டிலேயே தனியாகக் கிடைக்கும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒட்டாத பூச்சுள்ள உள்பாத்திரம் நம் சமையலுக்கு உகந்தது இல்லை. இரும்புக் கரண்டியால் பிரட்டும் வீட்டில் ஓர் ஆண்டில் உரிந்துவிடும். எவர்சில்வர் பாத்திரம் உள்ளதை வாங்குங்கள். எதை வாங்கினாலும் பழைய குக்கரைத் தூக்கிப் போடாதீர்கள், அம்மா. மின்சாரம் இல்லாத இரவில் கேஸ் அடுப்பில் அதுதான் கைகொடுக்கும்.

சாட்ஸ்வொர்த் மருமகள்

இத்தனை பேர் பொறுமையாக எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. எவர்சில்வர் உள்பாத்திரமும் பொத்தானால் ஆவி விடும் மூடியும் உள்ள ஆறு லிட்டர் குக்கராகப் பார்க்கிறோம். பழையது கேஸ் அடுப்புக்கு அருகிலேயே இருக்கும். பிரியாணிக்கு மின்சாரக் குக்கரைத் தொடவே மாட்டேன் என்று கோயில் ஐயாவுக்கு உறுதி தருகிறேன். இன்னும் ஒரே ஒரு கேள்வி. புரட்டாசிச் சனிக்கிழமை படைக்கும் சுண்டலுக்குக் கடலை உருண்டையாக, தோல் உடையாமல் நிற்க வேண்டும். அதுவும் இதில் முடியுமா?

இசிப்பிங்கோ கோயில் சமையல்

முடியும், அம்மா. இரவு முழுவதும் உப்புப் போட்ட நீரில் ஊறவையுங்கள், காலையில் அந்த நீரைக் கொட்டிவிட்டுக் கடலை மூழ்கும் அளவுக்கு மட்டும் புதிய நீர் விடுங்கள். நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறையுங்கள். முடிந்தவுடன் ஆவியைத் திறந்துவிடாமல் அழுத்தம் தானாக இறங்கும் வரை விடுங்கள்; அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளிருக்கும் நீர் ஒரே நொடியில் கொதித்தெழுந்து தோலைப் பிளந்துவிடும். வடிகட்டி ஆறவைத்த பிறகு, தாளிப்பை மட்டும் அடுப்பில் செய்யுங்கள்.